படத்தை எழுத்தாக்கிய டாக்டர்

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். தபால்காரர் ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அதைப் படித்துச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் கடிதத்தைக் கையில் வாங்கியதுமே பாட்டியின் முகம் மலர்கிறது. ஏன்? கடிதத்தின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவியிருக்கிறது. எங்கோ உறவில் ஒரு கலியாணம்! மூலையில் கறுப்பு மை இருந்தால் பாட்டி அப்போதே அழத் தொடங்கியிருப்பாள்.

அது ஒரு காலம். இன்று அந்தப் பாட்டியின் கொள்ளுப்பேரன் வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறான். இரவு ஷிப்டு. நடுவில் கிடைக்கும் சிறு ஓய்வில் கைபேசியில் அம்மாவுக்கு ஒரே ஒரு படம் அனுப்புகிறான். ஒரு மஞ்சள் முகம். அதன் நெற்றியோரத்தில் ஒரு நீலத் துளி. பிள்ளைக்கு இன்று வேலை கடுமை என்று தாயார் புரிந்துகொள்கிறாள். ஓர் எழுத்துக்கூட அதில் இல்லை.

மூலை மஞ்சள் நம் நாட்டு வழக்கம். அந்த நீலத் துளி எங்கிருந்து வந்தது?

ஜப்பான் தேசத்துச் சித்திரக்கதைகளிலிருந்து வந்தது. ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஜப்பானியக் கம்பெனிகள் ஆலை வைத்து மோட்டார் சைக்கிளும் மண் வெட்டும் இயந்திரமும் செய்கின்றன. அந்த இயந்திரங்களைப் போலவே ஜப்பானியர் செய்து உலகத்துக்கு அனுப்பிய இன்னொரு சரக்குதான் இந்தச் சின்னங்கள். தலையோரம் ஒரு துளி என்றால் சங்கடம். நெற்றியில் புடைத்த நரம்பு என்றால் கோபம். மூக்கில் ஒரு குமிழி என்றால் தூக்கம்.

இந்தச் சின்னங்களையெல்லாம் ஒரே மனிதர் கண்டுபிடித்துவிடவில்லை. சில ஜப்பானின் பழைய கேலிச் சித்திரங்களில் இருந்தன. சில மேல்நாட்டுப் பத்திரிகைகளிலிருந்து வந்தன. ஆனால் சிதறிக் கிடந்தவற்றைச் சேர்த்து, புதியவற்றையும் கூட்டி, ஒரு நாட்டின் பிள்ளைகள் எல்லோரும் தடையில்லாமல் படிக்கும் எழுத்தாகப் பழக்கியவர்களில் முதல் இடம் ஒருவருக்கு உண்டு. அவர் டாக்டர் பட்டம் பெற்றவர். ஆனால் வைத்தியம் பார்த்துப் பிழைத்தவர் அல்ல. அவர் பெயர் ஒசாமு டெசுகா.

பூச்சி பிடித்த பையன்

டெசுகா 1928ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 3ஆம் தேதி, ஒசாகா நகருக்கு அருகில் உள்ள டோயோனாகா என்னும் ஊரில் பிறந்தார். அவருக்கு ஏறக்குறைய ஐந்து வயதானபோது குடும்பம் டகராசுகா என்னும் ஊருக்குக் குடிபோயிற்று. மலையும் ஓடையும் மரங்களும் சூழ்ந்த ஊர் அது.

பையன் நோஞ்சான். சுருட்டை முடி, முகத்தில் பெரிய மூக்குக் கண்ணாடி. பள்ளிக்கூடத்தில் மற்றப் பையன்கள் அவனைச் சீண்டி அழ வைப்பார்கள். அடித்துத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு உடம்பில் பலம் இல்லை. ஆனால் கையில் பென்சில் இருந்தது. கேட்ட படத்தை வரைந்து கொடுத்தான். சீண்டிய பையன்களே படம் கேட்டு அவனைச் சுற்றிவரத் தொடங்கினார்கள்.

அவனுக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. அது பூச்சி பிடிப்பது. வண்டுகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் பிடித்து வந்து, கால் எத்தனை, இறகில் கோடு எத்தனை என்று எண்ணி எண்ணி வரைவான். ஜப்பானில் ஒசாமுஷி என்று ஒரு வண்டு உண்டு. அது தன் பெயரைப் போலவே இருப்பதைக் கண்டு பையனுக்கு ஒரே சந்தோஷம். தன் பெயரை எழுதும்போது கடைசியில் பூச்சியைக் குறிக்கும் ஓர் எழுத்தையும் சேர்த்துக்கொண்டான். அந்த எழுத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. கண்ணால் பார்ப்பதோடு சரி. கடைசி நாள் வரையில் அவர் தம் பெயரை அப்படியேதான் எழுதினார்.

ஜப்பானியர் எழுதும் முறை நம்முடையதைப் போன்றது அன்று. அதில் ஓசையைக் காட்டும் எழுத்துகளும் உண்டு. பொருளைக் காட்டும் பட எழுத்துகளும் உண்டு. மலைக்கு மலை போன்ற ஓர் எழுத்து; மரத்துக்கு மரம் போன்ற ஓர் எழுத்து. படத்தைப் பார்த்துப் பொருள் கொள்வது அங்கே குழந்தைப் பழக்கம். டெசுகாவின் கலைக்கு இதுவே விளைநிலமாக இருந்தது.

தாயாரின் குரல்

டெசுகாவின் தாயாருக்குச் சித்திரக்கதைகள் மீது வெறுப்பு இல்லை. மாறாக, மடியில் வைத்துப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுவார். கிழவன் பேசும் இடத்தில் கிழவன் குரல். குழந்தை பேசும் இடத்தில் குழந்தைக் குரல். படத்தில் இருப்பவர் அழுதால் தாயாரின் குரலும் அழும். அச்சடித்த படத்துக்குள் ஓர் உயிர் இருக்கிறது என்று பிள்ளை அங்கேதான் கற்றுக்கொண்டது.

தகப்பனாருக்குப் புகைப்படத்திலும் சினிமாவிலும் ஆசை. வீட்டில் கையால் சுற்றும் சிறு சினிமாக் கருவி ஒன்று வைத்திருந்தார். அதில் சாப்ளின் படமும், மிக்கி எலியின் கார்ட்டூன் படமும் சுவரில் ஓடும். அவை பேசாத படங்கள். பேச்சு இல்லாமலே சிரிப்பையும் துக்கத்தையும் காட்ட முடியும் என்பதைப் பையன் வீட்டுச் சுவரிலேயே கண்டான்.

டகராசுகாவில் புகழ் பெற்ற நாடக சபை ஒன்று உண்டு. அதில் ஆண் வேடத்தையும் பெண்களே கட்டுவார்கள். தாயார் பிள்ளையை அங்கே அடிக்கடி அழைத்துப் போவார். மேடை வெளிச்சத்தில் மின்னும் நடிகைகளின் மை தீட்டிய பெரிய கண்கள் அவர் மனத்தில் பதிந்துவிட்டன. பிற்காலத்தில் அவர் வரைந்த முகங்களில் கண்கள் அவ்வளவு பெரியவையாக இருந்ததற்கு அந்த மேடையும் அமெரிக்கக் கார்ட்டூன் படங்களும் காரணங்கள். மனத்தில் இருப்பதைக் காட்டும் வாசல் கண்தானே! வாசலைப் பெரிதாக வைத்தார் அவர்.

குண்டு மழை

யுத்தம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளும் ஆலை வேலைக்கு அனுப்பப்பட்டார்கள். டெசுகாவும் ஒசாகாவில் யுத்தத் தளவாட வேலை நடந்த ஓர் ஆலைக்குப் போனார். படம் வரைவது அப்போது வீண் வேலை, பிடிபட்டால் உதைதான். அவர் விடவில்லை. திருட்டுத்தனமாக வரைந்து, ஆலையின் கழிப்பறைச் சுவரில் ஒட்டி வைப்பார். உள்ளே போகிறவன் நிம்மதியாகப் படித்துவிட்டு வருவான். அவருக்குக் கிடைத்த முதல் வாசகர் கூட்டம் அதுதான் என்று சொல்லலாம்.

அதற்கு முன்பே, கடுமையான பயிற்சி முகாம் ஒன்றில் அவருடைய இரு கைகளிலும் தோல் நோய் பற்றிக்கொண்டது. கைகளை எடுத்துவிட வேண்டியிருக்குமோ என்று அஞ்சும் நிலை. ஒரு டாக்டரின் வைத்தியத்தால் கைகள் பிழைத்தன. தாமும் டாக்டராக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு அப்போது தோன்றியது.

1945ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒசாகாவின் மீது அமெரிக்க விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன. டெசுகா ஆலையின் காவல் கோபுரத்தின் மேல் இருந்தார். பக்கத்திலேயே குண்டுகள் விழுந்தன. எப்படியோ தப்பிக் கீழே ஓடி வந்தார். ஆற்றங்கரையில் அவர் கண்ட காட்சி வாழ்நாள் முழுவதும் அவரைவிட்டு அகலவில்லை. பாதுகாப்பைத் தேடிப் பாலத்தை நோக்கி ஓடிய மக்கள் கும்பல் கும்பலாக இறந்து கிடந்தார்கள்.

ஆகஸ்ட் 15ஆம் தேதி யுத்தம் முடிந்தது. விமானத்துக்குப் பயந்து இருட்டாகக் கிடந்த ஒசாகா நகரத்தில் மீண்டும் விளக்குகள் எரிந்தன. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற பதினாறு வயது வாலிபனுக்கு ஒன்றுதான் தோன்றியது. உயிர் பிழைத்துவிட்டோம், இனி அச்சமில்லாமல் படம் வரையலாம்!

ஒரு கன்னத்து அறை

யுத்தத்துக்குப் பின் அமெரிக்கச் சிப்பாய்கள் ஜப்பானியத் தெருக்களில் உலவினார்கள். ஒரு நாள் ஒரு சிப்பாய் டெசுகாவிடம் ஏதோ கேட்டான். இவருக்கு ஆங்கிலம் புரியவில்லை. பதில் சொல்லத் தெரியாமல் விழித்தார். சிப்பாய் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போய்விட்டான்.

டெசுகா இந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் பல முறை நினைவு கூர்ந்திருக்கிறார். வலியைவிட அவமானம் பெரிது. ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியாமல் போவதுதான் மனிதருக்குள் பகை வளரக் காரணம் என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றியது. அவர் எழுதிய கதைகளில் திரும்பத் திரும்ப வருவது இந்த ஒரே துயரம்தான். மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் புரிதல் இல்லை. மனிதனுக்கும் மிருகத்துக்கும் புரிதல் இல்லை. ஒரு தேசத்துக்கும் மறு தேசத்துக்கும் புரிதல் இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப அவர் கையில் இருந்தது பேனாவும் மையும்தான்.

டாக்டரா? சித்திரக்காரரா?

1945ஆம் ஆண்டிலேயே அவர் ஒசாகா சர்வகலாசாலையில் வைத்தியப் படிப்பில் சேர்ந்துவிட்டார். ஆனால் 1946ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் தேதி, சிறுவர் தினசரி ஒன்றில் அவருடைய முதல் தொடர் வெளியாகத் தொடங்கியது. நான்கே கட்டங்களில் முடியும் சிரிப்புக் கதை. அப்போது அவருக்கு வயது 17.

அடுத்த ஆண்டு, ‘புதிய புதையல் தீவு’ என்ற புத்தகம் வந்தது. கதையை அமைத்தவர் வேறொரு மூத்த சித்திரக்காரர், படங்கள் டெசுகாவினுடையவை. மலிவான காகிதத்தில் அச்சான அந்தப் புத்தகம் நான்கு லட்சம் பிரதிகள் விற்றதாகச் சொல்வார்கள். வயிற்றுக்கே இல்லாத காலத்தில் பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கினார்கள். ஏன்? அந்தப் படங்கள் ஓடின! மோட்டார் கார் தூரத்திலிருந்து வருகிறது. அடுத்த கட்டத்தில் பக்கத்தில் வருகிறது. அதற்கடுத்த கட்டத்தில் நம் மேலேயே ஏறிவிடும் போல இருக்கிறது. வீட்டுச் சுவரில் பார்த்த சினிமாவை அவர் காகிதத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பகலில் வைத்தியக் கல்லூரி, இரவில் சித்திரம் என்று காலம் ஓடியது. பாடம் நடக்கும்போதும் நோட்டில் படம். இரண்டு குதிரைகளில் எவ்வளவு நாள் சவாரி செய்வது? கடைசியில் தாயாரிடம் யோசனை கேட்டார். உனக்கு உண்மையில் பிடித்தது எது என்று தாயார் கேட்டார். சித்திரக்கதை என்றார் மகன். அப்படியானால் அதையே செய் என்று தாயார் சொல்லிவிட்டார். டாக்டர் வேலை கௌரவமும் வருமானமும் உள்ளது. சித்திரக்கதைக்காரனை அந்நாளில் யாரும் மதிக்கமாட்டார்கள். ஆனாலும் அந்தத் தாயார் தயங்கவில்லை.

படிப்பை அவர் பாதியில் விடவில்லை. கல்லூரியை முடித்து அரசாங்கத் தேர்விலும் தேறினார். 1961ஆம் ஆண்டில், நத்தையின் உயிரணுக்களைப் பற்றி ஆராய்ந்து நாரா வைத்தியக் கல்லூரியில் டாக்டர் பட்டமும் பெற்றார்.

சின்னங்களின் அகராதி

அவருடைய பட எழுத்து எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஒருவன் ஓடுகிறான். காகிதத்தில் வரைந்த கால் ஓடாது. ஆனால் அவன் பின்னால் நாலு கோடு இழுத்தால் ஓடுகிறான்! கோடு கூடினால் வேகமும் கூடுகிறது.

ஒருவனுக்குக் கோபம். உண்மையில் கோபம் வந்தால் நெற்றி நரம்பு புடைக்கும். அந்த நரம்பை மட்டும் எடுத்து, நாலு வளைவான கோடுகளாகச் சுருக்கிவிட்டார்கள். நாளடைவில் அந்தக் குறி நெற்றியைவிட்டே இறங்கிவிட்டது. தலைமுடி மேலும் இருக்கும். இறுக்கிய கைமுட்டியின் மேலும் இருக்கும். எங்கே இருந்தாலும் கோபம் என்றே பொருள்.

ஒருவனுக்குச் சங்கடம். தலையோரத்தில் ஒரு துளி. வெயிலில் வரும் வியர்வை அன்று அது. மனத்தில் வரும் வியர்வை.

முகத்தின் மேல் செங்குத்தாகக் கோடுகள் விழுந்தால் மனம் இருண்டுவிட்டது. பேச்சுக் கூட்டின் ஓரம் ரம்பம் போல் இருந்தால் கத்துகிறான். மேகம் போல் இருந்தால் மனத்துக்குள் நினைக்கிறான். தலைக்கு மேல் மின்சார விளக்கு எரிந்தால் யோசனை பிறந்துவிட்டது; இது மேல்நாட்டிலிருந்து வந்த குறி.

ஓசையையும் அவர்கள் வரைவார்கள். குண்டு வெடிக்கும் சத்தம், கதவு சாத்தும் சத்தம் எல்லாம் பெரிய எழுத்தில் படத்தோடு படமாக நிற்கும். இதில் ஒரு வேடிக்கை. சத்தமே இல்லாத மௌனத்துக்கும் ஜப்பானியச் சித்திரக்கதையில் ஓர் ஓசை உண்டு. ‘ஷீன்’ என்று எழுதினால் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. அதைச் சித்திரக்கதையில் தொடங்கி வைத்தது தாமே என்று டெசுகா சொல்லிக்கொண்டது உண்டு.

நமக்கு இது புதிதன்று. காஞ்சிபுரத்துக் கோயில் சிற்பத்தில் கை உயர்ந்து உள்ளங்கை நம்மைப் பார்த்தால் அஞ்சாதே என்று பொருள். மயிலைப் பார்த்ததும் முருகன் என்கிறோம். தெருக்கூத்தில் கிரீடத்தையும் முகச் சாயத்தையும் பார்த்தே துரியோதனன் வந்துவிட்டான் என்று கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையும் சொல்லிவிடும். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951–52ஆம் ஆண்டுகளில் நடந்தபோது, படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்கள் சின்னத்தைப் பார்த்துத்தான் ஓட்டுப் போட்டார்கள். சின்னம் என்பது ஏழையின் எழுத்து.

டெசுகாவும் கூத்து வாத்தியாரைப் போலவே ஒரு நடிகர் கூட்டம் வைத்திருந்தார். ஒரு கதையில் துப்பறிகிறவராக வரும் மீசைக்காரக் கிழவர் இன்னொரு கதையில் பள்ளிக்கூட வாத்தியாராக வருவார். விளக்கு என்று பொருள்படும் பெயருள்ள வில்லன் ஒருவன் உண்டு. அவனுக்கு உணர்ச்சி மிகும்போது பின்மண்டையில் ஒரு மெழுகுவர்த்தி எரியும்! கதை மிகவும் கனத்துப் போகும் இடத்தில், ஒட்டுப்போட்ட சுரைக்காய் போன்ற உடம்பும் பன்றி மூக்கும் கொண்ட ஒரு பொம்மை திடீரென்று வந்து சிரிக்க வைக்கும். அது சிறு வயதில் அவருடைய தங்கை கிறுக்கிய படம். தங்கையின் கிறுக்கலை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1979ஆம் ஆண்டில் அவர் தம் கலையைப் பற்றி ஒரு விளக்கம் கொடுத்தார். தாம் வரைவது படமே அன்று. பழங்காலத்துப் பட எழுத்தைப் போன்ற ஒரு குறியெழுத்து. அதைக் கொண்டு தாம் கதை எழுதுகிறார் என்பது அதன் சாரம். பெரிய ஓவியர் என்ற பெயர் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. சொல்வது புரிந்தால் போதும்.

இரும்புச் சிறுவன்

1950ஆம் ஆண்டில் வெள்ளைச் சிங்கக் குட்டியின் கதை. 1952ஆம் ஆண்டில் ‘வலிய கை அணு’ என்னும் இயந்திரச் சிறுவனின் கதை. 1953ஆம் ஆண்டில் ஆண் வேடம் பூண்ட அரசகுமாரியின் கதை. ஜப்பான் முழுவதும் பிள்ளைகள் இவற்றுக்காகக் காத்துக் கிடந்தார்கள்.

இயந்திரச் சிறுவனின் கதை உருக்கமானது. மோட்டார் விபத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு விஞ்ஞானி, மகனைப் போலவே ஓர் இயந்திரப் பிள்ளையைச் செய்கிறார். ஆனால் அது வளரவில்லை. வளராத பிள்ளை எனக்கு எதற்கு என்று சர்க்கஸுக்கு விற்றுவிடுகிறார்! பின்னர் நல்ல மனம் படைத்த வேறொரு விஞ்ஞானி அவனை மீட்கிறார். அவனுக்கு லட்சம் குதிரை சக்தி உண்டு. ஆனால் மனிதர்கள் அவனை மனிதனாக ஏற்பதில்லை. அவன் தலையில் இரண்டு முடிக் கொம்புகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இரண்டும் தெரியும்படி டெசுகா வரைந்தார். இயற்கைக்கு அது பொருந்தாது. ஆனால் நிழலைப் பார்த்தே பிள்ளைகள் அவனை அடையாளம் கண்டுகொள்வார்கள். அதுவே சின்னத்தின் சக்தி.

புகழோடு எதிர்ப்பும் வந்தது. 1955ஆம் ஆண்டு வாக்கில், சித்திரக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று பெற்றோர் சங்கங்கள் கிளர்ச்சி செய்தன. டெசுகாவின் கதைகளும் அதில் தப்பவில்லை.

இளைஞர்களுக்கு அவர் வழிகாட்டியாக இருந்தார். டோக்கியோவில் டோக்கிவா விடுதி என்ற இடத்தில் ஓர் அறையில் குடியிருந்தார். அதை விட்டுப் போகும்போது, வெளியூரிலிருந்து வந்த இரண்டு இளைஞர்களுக்குத் தம் மேசையையும், அறைக்குக் கட்டிய முன்பணத்தையும் விட்டுக்கொடுத்தார். அந்த இருவருமே பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்றார்கள். ‘டோரேமான்’ என்னும் பூனையைப் படைத்தவர் அவர்களில் ஒருவர்.

ஆனால் அவர் குறையே இல்லாதவர் அல்லர். இளையவர்கள் முன்னேறினால் அவருக்குப் பொறாமை வரும். இஷினோமோரி என்னும் இளைஞர், பேச்சே இல்லாமல் படத்தாலேயே கதை சொல்லிப் பாராட்டுப் பெற்றார். டெசுகா ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில் அதைக் குறைத்து எழுதிவிட்டார். சேதி இளைஞருக்கு எட்டியது. மனமுடைந்து தொடரை நிறுத்தப் போனார். டெசுகா அவர் வீட்டுக்கே நேரில் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். தவறுவது மனித இயல்பு. தம்மிலும் இளையவன் வீட்டுப் படியேறி அதை ஒப்புக்கொள்வது எல்லோராலும் ஆகாது.

விழுந்து எழுந்தவர்

சிறு வயதுச் சினிமா ஆசை அவரை விடவில்லை. சொந்தமாக ஒரு படக் கம்பெனி தொடங்கினார். அதற்கும் ‘முஷி’, அதாவது பூச்சி என்றே பெயர்! 1963ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி இயந்திரச் சிறுவன் டெலிவிஷனில் தோன்றினான். வாரம் ஒரு கதை. ஒவ்வொன்றும் அரை மணி நேரம். படங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, வாயை மட்டும் அசைத்து, வரைந்த படத்தையே மீண்டும் மீண்டும் பயன்படுத்திச் சாதித்தார்கள்.

ஆனால் போட்டியாளர்கள் வரக்கூடாது என்று, ஆகும் செலவைவிடக் குறைந்த விலைக்கு அதை விற்றார் டெசுகா. அந்தக் குறைந்த விலையே வழக்கமாகிவிட்டது என்றும், படம் வரையும் தொழிலாளிகளின் கூலி உயராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் பின்னாளில் பலர் குறை கூறினார்கள்.

நஷ்டம் வளர்ந்தது. 1973ஆம் ஆண்டில் கம்பெனி திவாலாயிற்று. தலைக்கு மேல் கடன். டெசுகாவின் காலம் முடிந்தது என்று பத்திரிகை உலகம் பேசியது. அதே ஆண்டு நவம்பரில் அவர் ஒரு புதிய கதையைத் தொடங்கினார். லைசென்ஸ் இல்லாத ஒரு டாக்டரின் கதை. உடம்பெல்லாம் தையல் தழும்பு உள்ள அந்தக் கறுப்பு அங்கிக்காரரின் பெயர் ‘பிளாக் ஜாக்’. எந்த வைத்தியப் படிப்பை விட்டு வந்தாரோ, அந்தப் படிப்பே அவரைக் கைதூக்கி விட்டது. ஜப்பான் மீண்டும் அவரைக் கொண்டாடியது.

காஞ்சியைத் தொட்ட கதை

ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் என்னும் சீன யாத்திரிகர் பாரத தேசம் முழுவதும் சுற்றினார். காஞ்சிபுரத்துக்கும் வந்தார். வாலாஜாபாத்திலிருந்து பத்துக் கல் தொலைவுதான் காஞ்சி. அங்கே நூறு அளவில் புத்த மடங்கள் இருந்ததாக அவர் எழுதி வைத்தார்.

அந்த யாத்திரையைச் சீனர்கள் பிற்காலத்தில் ஒரு பெரிய கற்பனைக் கதையாக்கினார்கள். துறவிக்குத் துணையாக ஒரு குரங்கு வீரன் அதில் வருவான். சிறு வயதிலிருந்தே டெசுகாவை மயக்கிய கதை அது. 1952ஆம் ஆண்டிலிருந்து 1959 வரையில் அதைத் தம் பாணியில் சித்திரக்கதையாக வரைந்தார். 1960ஆம் ஆண்டில் அது முழுநீளக் கார்ட்டூன் சினிமாவாகவும் வந்தது. அந்தச் சினிமாவில் வேலை செய்த அனுபவம்தான் அவரைச் சொந்தப் படக் கம்பெனி தொடங்கத் தூண்டியது.

1972ஆம் ஆண்டில் அவர் கௌதம புத்தரின் வாழ்க்கையையே வரையத் தொடங்கினார். 1983 வரை பதினோர் ஆண்டுகள் அந்த வேலை நடந்தது. கதையின் தொடக்கத்திலேயே ஒரு முயல் வருகிறது. பசியால் மயங்கி விழுந்த முதியவருக்குக் கரடியும் நரியும் இரை தேடிக் கொண்டுவந்தன. முயலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. முயல் தீ மூட்டச் செய்து, தன்னையே உணவாக்கிக்கொள்ளும்படி அதில் குதித்துவிட்டது. இது புத்த ஜாதகக் கதை. நிலவில் தெரியும் கறை அந்த முயல்தான் என்பார்கள். நம் முன்னோரும் நிலவில் முயலைக் கண்டவர்களே. ஜப்பானியப் பிள்ளைகளும் நிலவில் முயலைத்தான் பார்க்கிறார்கள்.

அந்த முயல் குதிக்கும் கட்டங்களில் பேச்சே இல்லை. படமே பேசுகிறது. கதையில் புத்தரைப் போலவே, தாழ்ந்த குலத்துப் பிள்ளைகளும் அடிமைகளும் முக்கியமானவர்களாக வருகிறார்கள். அவர்களில் பலர் டெசுகாவின் கற்பனை. சரித்திரத்தை அப்படியே சொல்ல அவர் முயலவில்லை. பசியும் அச்சமும் அன்பும் எல்லோருக்கும் ஒன்றே என்று காட்ட முயன்றார்.

கடைசிக் கோடு

டெசுகா ஓயாத உழைப்பாளி. தூக்கம் கொஞ்சம், வேலை அதிகம். ஒரே நேரத்தில் பல பத்திரிகைகளுக்கு வரைவார். ஒரு வாழ்நாளில் அவர் வரைந்த பக்கங்கள் சுமார் ஒன்றரை லட்சம். கதைகள் சுமார் 700.

1988ஆம் ஆண்டில் வயிற்றுப் புற்றுநோய் முற்றியது. அந்நாளைய ஜப்பானிய வழக்கப்படி, நோயின் பெயரை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் காகிதமும் பென்சிலும் அவரைவிட்டு நீங்கவில்லை. எழுந்திருக்க வலுவில்லாத நாளிலும், தம்மை வேலை செய்ய விடும்படி கெஞ்சினார் என்று உடன் இருந்தவர்கள் சொல்கிறார்கள். 1989ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9ஆம் தேதி, டோக்கியோவில் காலமானார். வயது 60. மூன்று கதைகள் முடியாமல் நின்றன. 1994ஆம் ஆண்டில், அவர் பூச்சி பிடித்து வளர்ந்த டகராசுகாவில் அவர் பெயரால் ஒரு காட்சிசாலை திறக்கப்பட்டது.

அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1999ஆம் ஆண்டில், ஜப்பானிய டெலிபோன் கம்பெனி ஒன்று கைபேசியில் அனுப்புவதற்காக 176 சின்னஞ்சிறு படங்களை வெளியிட்டது. அவற்றை உருவாக்கியவர் ஷிகெதாகா குரிதா என்பவர். சித்திரக்கதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர். ஆகவே கோப நரம்பும், வியர்வைத் துளியும், யோசனை விளக்கும் அந்தப் படங்களில் இடம் பெற்றதில் வியப்பில்லை.

உலகத்து மொழிகளின் எழுத்துகளையெல்லாம் கம்ப்யூட்டருக்காக வரிசைப்படுத்தி வைத்திருக்கும் ஒரு பொது ஏடு உண்டு. யூனிகோடு என்று அதற்குப் பெயர். நம் அகரமும் ககரமும் அதில் இருக்கின்றன. 2010ஆம் ஆண்டில் அந்தச் சின்னங்களும் அதே ஏட்டில் சேர்க்கப்பட்டன. தாம் வரைவது படமன்று, எழுத்து என்று டெசுகா சொன்னபோது அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தவர்கள் உண்டு. இன்று வியர்வைத் துளியும் ஓர் எழுத்தாகிவிட்டது!

இரவு ஷிப்டு முடிந்து ஒரகடத்திலிருந்து பஸ் திரும்பும்போது வாலாஜாபாத்தில் பொழுது விடிந்திருக்கும். நீலத் துளியைப் பார்த்த தாயார், பிள்ளை வந்ததும் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்கமாட்டாள். அவளுக்கு அது முன்னாலேயே தெரியும். வெந்நீரும் சாப்பாடும் தயாராக வைத்திருப்பாள்.

பதில் சொல்லத் தெரியாமல் தெருவில் ஓர் அறை வாங்கிய வாலிபன், வாழ்நாள் எல்லாம் உழைத்தது இதற்காகத்தான்.